நெருப்பில்லாமல் புகைவது

திரவ ஆக்சிஜனை ஒரு பாத்திரத்தில் ஊற்றிவைத்தால் குபுகுபுவென்று வெண்புகை எழும். விளிம்பைத் தாண்டி வழிந்து, மேசைமேல் பரவி, தரையைப் பார்த்து இறங்கும். அடுப்புப் புகை மேலே போகும்; இது கீழே போகும். பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்காது. அந்தத் திரவத்தின் கொதிநிலையே பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிர் பட்டவுடன், காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஈரம் நுண்துளிகளாகவும் பனித்துகள்களாகவும் மாறி வெளுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டின் இடுப்பிலிருந்து, இன்னும் பற்றவைக்காதபோதே, ஆவி பறப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே சங்கதிதான்.

ஆக, நெருப்பில்லாமலும் புகையும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் கூட்டமாக வாழும் ஊர் திருவனந்தபுரம். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா, அந்த ஊரின் கடற்கரையில் இருந்த மீனவ கிராமம். திரவ எரிபொருள் என்ஜின்களை உருவாக்கும் மையம் அருகே வலியமலையில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்தான் 1994 கடைசியில் தெருத்தெருவாக, கடை கடையாக 'நெருப்பில்லாமல் புகையாது' என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டிருந்தது. மலையாளத்திலும் அது உண்டு: தீயில்லாதெ புகயுண்டாகில்ல. பேச்செல்லாம் இஸ்ரோ உளவு வழக்கைப் பற்றி. அங்கே அதற்குப் பெயர் 'சாரக்கேஸ்'. சாரன் என்றால் உளவாளி. சாரம் என்றால் சாம்பல் என்றும் அந்த மொழியில் ஒரு பொருள் இருக்கிறது.

கதை ஒரு கொள்ளைநோய்ப் பீதியில் தொடங்குகிறது. 1994 செப்டம்பரில் குஜராத்தின் சூரத்தில் பிளேக் பரவுவதாகச் செய்தி வந்தது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். பல நாடுகள் இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்தின. மாலத்தீவு விமானமும் நின்றது. சூரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் இருக்கிறது என்பதெல்லாம் பீதிக்குக் கணக்கில்லை. அதனால் ஊர் திரும்ப முடியாமல் திருவனந்தபுரத்தில் ஒரு விடுதியில் மாட்டிக்கொண்டவர் மரியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண். விசாக் கெடு முடியப்போகிறது, நீட்டிப்புக் கேட்கக் காவல்துறையிடம் போனார். அக்டோபர் 20 அன்று, கெடுவுக்கு மேல் தங்கியதாகக் கைது செய்யப்பட்டார். வஞ்சியூர் காவல் நிலையத்தில் வழக்கு.

இதுவரை இது ஒரு விசா வழக்குதான். ஆனால் விடுதியிலிருந்து அவர் பேசிய தொலைபேசி எண்களில் ஒன்று இஸ்ரோ விஞ்ஞானி சசிகுமாரனுடையது. நவம்பர் 13 அன்று அலுவல் ரகசியச் சட்டத்தில் இரண்டாவது வழக்கு. மரியத்தின் தோழி ஃபௌசியா ஹசனும் கைது. 21ஆம் தேதி சசிகுமாரன். 30ஆம் தேதி திரவ உந்துவிசைத் துறையின் மூத்த விஞ்ஞானி நம்பி நாராயணன், நம் நாகர்கோவில்காரர். இவர்களோடு, ரஷ்ய நிறுவனமான கிளாவ்காஸ்மாஸின் இந்தியப் பிரதிநிதி சந்திரசேகர், பெங்களூர் ஒப்பந்தக்காரர் சர்மா. கிரையோஜெனிக் என்ஜின் ரகசியத்தை மாலத்தீவுப் பெண்கள் வழியாக வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

அந்தத் தொலைபேசி எண்ணில் கொஞ்சம் நிற்கலாம். உளவு வழக்கு முழுவதும் தொங்கிய ஆணி அது. மாலத்தீவுக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கத்து ஊர் மாதிரி. மருத்துவத்துக்கும் சாமான் வாங்கவும் பிள்ளைகள் படிப்புக்கும் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். இஸ்ரோவோ அந்த ஊரின் பெரிய வேலைகொடுப்பவர்களில் ஒன்று. இஸ்ரோக்காரர் ஒருவர்கூட இல்லாத தெரு குறைவு. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மாலத்தீவுக்காரருக்கு ஓர் இஸ்ரோக்காரரைத் தெரிந்திருப்பது எவ்வளவு அபூர்வம்? அபூர்வமே இல்லை. திருப்பூரில் தங்கிய ஒருவர் பனியன் கம்பெனிக்காரருக்குப் போன் செய்தார் என்பதுபோலத்தான். ஒரு தற்செயலைப் பார்த்ததும் அது எத்தனை முறை சாதாரணமாகவே நடக்கும் என்று நம் மனம் கணக்குப் போடுவதில்லை. 'எப்படிப் பொருந்துகிறது பார்' என்று அசந்துபோகிறது. மனித மூளையின் பழைய பலவீனங்களில் ஒன்று இது. படிப்பால் மட்டும் போவதில்லை.

பெரிய கேள்வி இன்னொன்று. விற்றதாகச் சொன்ன சரக்கு இருந்ததா?

திரவ ஹைட்ரஜனை பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரியிலும், திரவ ஆக்சிஜனை 183 டிகிரியிலும் வைத்துக்கொண்டு, அவை இரண்டையும் சில அடி தள்ளி ஆயிரக்கணக்கான டிகிரியில் எரிக்க வேண்டும். அதுதான் கிரையோஜெனிக் என்ஜின். அப்போது இந்தியாவிடம் அது இல்லை. இல்லாததால்தான் 1991 ஜனவரியில் கிளாவ்காஸ்மாஸுடன் ஒப்பந்தம் போட்டது. 1992 மே மாதம் அமெரிக்கா தடை விதித்தது. 1993இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்து, என்ஜின்களை மட்டும் விற்கச் சம்மதித்தது. ரஷ்ய என்ஜின் பொருத்திய ஜி.எஸ்.எல்.வி. முதன்முதலாகப் பறந்தது 2001 ஏப்ரல் 18. நாமே செய்த கிரையோஜெனிக் என்ஜின் 2010 ஏப்ரல் 15 அன்று தோற்றது. 2014 ஜனவரி 5 அன்றுதான் வென்றது. 1994இல் விற்றதாகச் சொன்ன பொருள் கைக்கு வர இன்னும் 20 ஆண்டு பாக்கியிருந்தது.

சரி, இஸ்ரோவிடம் இருந்த திரவ எரிபொருள் என்ஜினான விகாஸின் வரைபடங்களை விற்றிருக்கலாமே என்றும் சொன்னார்கள். விகாஸின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1974இல் பிரான்ஸுடன் போட்ட ஒப்பந்தப்படி, நம்பி நாராயணன் தலைமையில் நம் பொறியாளர்கள் வெர்னான் என்ற ஊருக்குப் போய், வைகிங் என்ஜின் திட்டத்தில் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். உழைப்புக்குக் கூலியாகக் கிடைத்ததுதான் தொழில்நுட்பம். வரைபடங்கள் கையில், வரைந்தவர்கள் பக்கத்தில், சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள். இத்தனை இருந்தும் இங்கே செய்த முதல் என்ஜினைச் சோதித்துப் பார்க்க ஏறத்தாழ பத்தாண்டு ஆனது. உலோகத்தை எந்தச் சூட்டில் பற்றவைப்பது, எந்த வளையத்தை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் காகிதத்தில் இல்லை, கையில் இருக்கிறது. ஒரு பையில் போட்டு மாலே நகருக்கு எடுத்துப்போகிற பண்டம் அல்ல அது. அந்த விகாஸ் என்ஜின் இரண்டாம் கட்டத்தில் இருக்க, பி.எஸ்.எல்.வி. முதன்முதலாக வெற்றி கண்டது 1994 அக்டோபர் 15. மரியம் கைதாவதற்கு ஐந்தே நாள் முன்பு.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருந்தார்கள். ஒரு பஸ் டிக்கெட் செலவில் பதில் கிடைத்திருக்கும். யாரும் போய்க் கேட்கவில்லை. அந்த நாட்களில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூர் போகும் பஸ்ஸில் நானும் இந்தக் கதையைக் கேட்டு, தலையாட்டி, அடுத்த இருக்கைக்காரரிடம் சொல்லியும் இருக்கிறேன். நம்பியை நம்பாமல் செய்தியை நம்பியவர்களில் நானும் ஒருவன்.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஒரு சின்ன விளையாட்டு பதில் சொல்லும். 1960இல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் செய்தது. வீட்டில் யாரிடமாவது விளையாடிப் பாருங்கள். '2, 4, 6 என்ற மூன்று எண்களும் என் மனத்தில் உள்ள ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீ வேறு மூன்று எண்கள் சொல்லு. பொருந்துமா இல்லையா என்று நான் சொல்கிறேன். விதி உறுதியாகத் தெரிந்ததும் சொல்லிவிடு.' எதிராளி 8, 10, 12 என்பார். பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். 'கண்டுபிடிச்சாச்சு, இரண்டிரண்டாகக் கூடும் இரட்டைப்படை எண்கள்!' தவறு. விதி வெறுமனே 'ஏறுவரிசை' என்பது மட்டும்தான். 1, 5, 93 சொல்லியிருந்தாலும் பொருந்தியிருக்கும். வேசனிடம் வந்த 29 மாணவர்களில் முதல் முயற்சியிலேயே சரியாகச் சொன்னவர்கள் 6 பேர். மற்றவர்கள் தங்கள் ஊகத்துக்கு 'ஆமாம்' வருகிற எண்களையே கேட்டார்கள். 'இல்லை' வரக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஊகம் அங்கேயே உடைந்திருக்கும். 'அந்தத் தொழில்நுட்பம் நம்மிடம் இருக்கிறதா?' என்பது 'இல்லை' வரக்கூடிய கேள்வி.

வதந்தி எப்படி வளர்கிறது என்பதற்கு உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் ஆராய்ச்சி நம் நாட்டிலிருந்து போனது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். அதன்பின் மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்து, மறு ஆண்டு வெளியிட்டார். கங்கையில் தண்ணீரே மறைந்துவிட்டது, சந்திர கிரகணத்தன்று இதைவிடப் பெரிய நடுக்கம் வரும், இன்ன தேதியில் பாட்னாவைப் புயல் அழிக்கும் என்றெல்லாம் பேச்சு. விசித்திரம் என்னவென்றால் இவற்றைப் பரப்பியவர்கள் அதிர்ச்சியை உணர்ந்தவர்கள், ஆனால் இடிபாட்டைக் கண்ணால் பார்க்காதவர்கள். பயந்து நடுங்கிப்போன ஒருவர் ஆறுதல் தரும் செய்தியைத்தானே தேடுவார்? இவர்கள் இன்னும் பயங்கரத்தைத் தேடினார்கள். பல ஆண்டு கழித்து அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கர் இதைப் படித்துவிட்டுச் சொன்ன விளக்கம் புகழ்பெற்றது: பயம் முதலில் வந்துவிட்டது, பயப்படக் காரணம் கண்முன் இல்லை; அந்த முரணை மனம் தாங்காது; ஆகவே பயத்துக்கு ஏற்ற காரணத்தை அது தயாரித்துக்கொள்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குக் கிடைத்ததும் இந்திய ஆய்வுதான். 1950இல் டார்ஜிலிங்கில் நிலச்சரிவு. நிஜமான அழிவை நேரில் பார்த்த மக்களிடம் அப்படிப்பட்ட வதந்திகளை துர்கானந்த் சின்ஹா காணவில்லை.

திருவனந்தபுரம் 1994இல் பாட்னாவாக இருந்தது. அதிர்வு வந்துவிட்டது: கைது, ரகசியச் சட்டம், விஞ்ஞானிகள், வெளிநாட்டுப் பெண்கள். இடிபாடு கண்ணில் படவில்லை. எந்த ஆவணம் போயிற்று என்று எவராலும் காட்ட முடியவில்லை. இடைவெளியை நிரப்பும் வேலையைப் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன. டாலர் கணக்குகள், படுக்கையறைக் கதைகள், நாளொரு பெயர். ஒன்றில் வந்ததை மற்றது விரித்து எழுத, முந்தையது அதையே தனக்குச் சான்றாகக் காட்டும். ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மையாகத் தோன்றத் தொடங்கும் என்று 1977இல் அமெரிக்காவில் ஒரு சோதனை காட்டியது. கேட்டவர்களுக்குப் புதிதாக எந்த ஆதாரமும் தரப்படவில்லை. காதுக்குப் பழகிவிட்டது, அதுவே போதுமாக இருந்தது. கேரளம் 1991 ஏப்ரலில் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. எல்லோரும் பேப்பர் படிப்பார்கள். இந்த விஷயத்தில் அதுவே வினையாகிவிட்டது.

நம்புவதற்கு ஆளாளுக்கு ஒரு லாபமும் இருந்தது. முதலமைச்சர் கருணாகரன் இந்த வழக்கில் பெயர் அடிபட்ட ஒரு போலீஸ் ஐ.ஜி.யைக் காப்பாற்றுகிறார் என்று அவருடைய காங்கிரஸ் கட்சியிலேயே எதிர் கோஷ்டி கிளப்பியது. எதிர்க்கட்சிகளுக்குக் கேட்கவா வேண்டும். 1995 மார்ச் 16 அன்று அவர் பதவி விலகினார். நமக்குப் பிடிக்காதவரைக் கவிழ்க்கும் கதை என்றால் ஓட்டை தெரியாது.

'கைதானவர்களே ஒப்புக்கொண்டார்களே' என்பது அன்று வாயடைக்கும் வாதம். இதற்கும் ஒரு சோதனை உண்டு. 1996இல் சால் காசின் என்ற உளவியலாளர், மாணவர்களைக் கணினியில் தட்டச்சு செய்யச் சொன்னார். ஒரு குறிப்பிட்ட விசையைத் தொட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரித்தார். சற்று நேரத்தில் கணினி தானாகவே நின்றது. 'நீதான் அதைத் தொட்டாய்' என்று மாணவர்மேல் பழி. யாருமே தொடவில்லை. ஆனால் 69 சதவீதம் பேர் தொட்டதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் எப்படித் தொட்டேன் என்றுகூட விவரம் சொன்னார்கள். அடியில்லை, மிரட்டலில்லை, சிறையில்லை. நம்பி நாராயணனோ, 30 மணி நேரம் நிற்கவைக்கப்பட்டதாகவும், உட்கார நாற்காலி கேட்டு மறுக்கப்பட்டதாகவும், அடிக்கப்பட்டதாகவும் சொல்லியிருக்கிறார். 50 நாள் காவலில் இருந்தார். வெளியே, கொட்டும் மழையில் அவர் மனைவியை இன்னாரின் மனைவி என்று தெரிந்ததும் ஓர் ஆட்டோக்காரர் இறக்கிவிட்டார் என்றும் அவர் சொன்னதுண்டு. விசாரித்தவர்கள் செய்ததை அதிகாரம் என்று விட்டுவிடலாம். அந்த ஆட்டோக்காரருக்கு எந்த மேலிடத்து உத்தரவும் வரவில்லை. அவர் கெட்டவரும் அல்ல. நாட்டுப்பற்றோடு பேப்பர் படித்தவர்.

1994 டிசம்பர் 4 அன்று வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. 1996இல் அது, உளவுக் குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை, பொய்யானவை என்று அறிக்கை தந்தது, நீதிமன்றம் ஏற்றது. இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே ஆண்டு ஜூனில் கேரள அரசு, இப்போது வேறு கட்சியின் அரசு, மீண்டும் விசாரிக்க உத்தரவிட்டது. பொய் என்று தெரிந்த பிறகும் நம்பிக்கை ஏன் போவதில்லை என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 1975இல் அமெரிக்க மாணவர்களிடம் லீ ராஸும் கூட்டாளிகளும் ஒரு தேர்வு நடத்தி, 'நீ கெட்டிக்காரன்', 'நீ மோசம்' என்று இஷ்டத்துக்கு மதிப்பெண் போட்டார்கள்; பிறகு 'அத்தனையும் பொய், நாங்களே முன்கூட்டி எழுதிவைத்த மதிப்பெண்' என்று விளக்கினார்கள். அப்புறமும் கெட்டிக்காரன் என்று கேட்டவன் தன்னைக் கெட்டிக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான், மற்றவன் மோசம் என்றே. அஸ்திவாரத்தை உருவியபின்னும் நின்ற கட்டடம். திருவனந்தபுரத்திலும் அப்படித்தான். 1998 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் மறுவிசாரணையை ரத்து செய்த பிறகும், 'பெரிய கையெல்லாம் சேர்ந்து மூடிவிட்டார்கள்' என்பவர்களை நானே சந்தித்திருக்கிறேன். ஆதாரம் இல்லை என்பதே மறைத்ததற்கு ஆதாரமாகிவிட்டது. ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டுத் தேடிய திருவனந்தபுரம் பத்திரிகையாளர் ஜெ. ராஜசேகரன் நாயரின் புத்தகம் அந்த ஆண்டுதான் வந்தது.

இந்த வழக்கே புனையப்பட்டது என்று சொல்லி, முன்னாள் காவல், உளவுத்துறை அதிகாரிகள் மீது 2024 ஜூனில் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். பொய்யைச் செய்ய நாலு பேர் போதும். அதை ஒரு மாநிலம் முழுக்க ஓடவைக்க லட்சக்கணக்கானோர் வேண்டும். அந்த லட்சத்தில் ஒருவர் மீதும் குற்றப்பத்திரிகை கிடையாது. என் மீதும்தான்.

பிற்பாடு காற்று திசை மாறியது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2019இல் பத்மபூஷண். 2020இல் கேரள அரசு மேலும் 1.3 கோடி கொடுத்தது. 2022இல் மாதவன் 'ராக்கெட்ரி' படம் எடுத்தார். அதே ஊர் கைதட்டிப் பார்த்தது. அவருக்குக் கிடைத்தது நியாயம்தான், குறைவான நியாயம். ஆனால் நம் மனம் இங்கேயும் தன் பழைய வேலையைக் காட்டியது. அன்று ஒரு வில்லன் வேண்டியிருந்தது. இன்று ஒரு நாயகன் கிடைத்துவிட்டார், கணக்குத் தீர்ந்தது. சந்திரசேகர் தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், செப்டம்பர் 16 அன்று, பெங்களூரில் இறந்தார். தீர்ப்புக்குச் சற்று முன்பே நினைவிழந்திருந்தார். அந்தக் கதையில் அவருக்கு இடம் இருக்கவில்லை.

மரியம் ரஷீதாவும் ஃபௌசியா ஹசனும் மூன்றாண்டுக்கு மேல் இந்தியச் சிறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். 2018இன் 50 லட்சமோ 2020இன் 1.3 கோடியோ அவர்களுக்கானதல்ல. ஃபௌசியா பின்னாளில் மாலத்தீவுப் படங்களில் நடித்தார். தனக்கும் இழப்பீடு வேண்டும் என்று கேட்டார். 2022 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பில் இறந்தார்.